பாதி ஜெபம்

மாதா சுரூபத்தை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு அக்கா லெட்சுமி வீட்டு வாசலில் நின்றாள். அப்போதுதான் மழை விட்டிருந்தது. வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டி அவளுடைய முக்காட்டில் விழுந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

லெட்சுமி இஸ்தோப்புத் திண்ணையை மெழுகிக் கோலம் போட்டிருந்தாள். சுவரோரமாக ஒரு ஸ்டூல். அதன்மேல் அவளுடைய கல்யாணச் சேலை நாலாக மடித்து விரித்திருந்தது. மேலே மாரியம்மன் படத்துக்கும் அன்றைக்குப் புதுப்பூ. எல்லாம் தயார். ஆனால் அவள் வாசற்படியைத் தாண்டி வெளியே வரவில்லை. அக்கா வாசற்படியைத் தாண்டி உள்ளே போகவில்லை.

எங்களுக்குப் பின்னால் லயமே நின்றது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே சுவர். அப்படியிருந்தும் ஒன்றரை வருஷமாக அக்கா அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. காரணம் லயத்துக்கே தெரியும். அக்காவின் ஒரே மகள் ஸ்டெல்லா செத்துப்போனது லெட்சுமியால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி போன் பண்ணினார். "டீச்சர், மனசுல இருக்கிற பாரத்த எறக்கி வைக்கலாம்னு எல்லாரும் பிரசங்கம் பண்றாங்க. எறக்கி வச்ச ஒரு ஆளையாவது நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் கிண்டல்தான். எனக்கும் அந்தக் கிண்டல் உண்டு என்பதால் கோபம் வரவில்லை.

பார்த்திருக்கிறேன் அம்மா. ஒரே ஒருத்தியை. அவளைப் பற்றித்தான் இந்த வாரம்.

எங்கள் பிலோமி

அக்காவின் முழுப்பெயர் பிலோமினா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா போன பிறகு தேயிலைக் கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தவள். நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை போகிற ரோட்டில் இறங்கி மேலே ஏறினால் வருகிற ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில் இருந்தோம். நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே டீச்சராக வந்து சேர்ந்தபோது அத்தான் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்திருந்தார். அக்கா, ஸ்டெல்லா, நான் மூவரும் ஒரே காம்பராவில் குடித்தனம்.

அக்கா பேசுவது குறைவு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது தோட்டத்துக்கே தெரிந்த விஷயம். வீட்டுக்குத் தேவையான பேச்சையெல்லாம் நானே பேசித் தீர்த்துவிடுவதால் அவளுக்கு மிச்சமில்லை என்று ஸ்டெல்லா கேலி செய்வாள்.

ஸ்டெல்லா பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை எழுதியிருந்தாள். ரிசல்ட் வரும்வரைக்கும் சும்மா இருக்க முடியாதென்று பேர் பதிந்துகொண்டு கொழுந்துக்குப் போனாள். "ரிசல்ட் வந்ததும் கூடைய ஒங்க கையிலயே குடுத்துர்றேன் சித்தி. நீங்க மல்லிச்செடி நட்டுக்கங்க" என்றாள். நான் போட்ட சண்டையைச் சிரித்தே சமாளித்துவிட்டாள்.

குளவி

தேயிலைக் காட்டில் துண்டு துண்டாகப் பிரித்த ஒவ்வொரு பகுதியையும் நாங்கள் மலை என்றுதான் சொல்வோம். ஒரு மலையில் கொழுந்து எடுத்து முடித்தால் மறுபடி தளிர் விட ஒரு வாரமாவது ஆகும். அதனால் இன்றைக்குப் பறித்த மலைக்கு நாளைக்கு யாரும் போகமாட்டார்கள். இது எங்கள் ஆட்களுக்கு மூச்சுவிடுவது போலப் பழகிப்போன கணக்கு.

இன்னொரு முறையும் உண்டு. தான் பறிக்கிற செடி நிரையில் குளவிக்கூட்டைப் பார்த்தவர் அந்த இடத்திலேயே கங்காணியிடம் சொல்லவேண்டும். அவர் ஒரு கம்பில் கந்தைத்துணி கட்டி நட்டு, அந்தப் பக்கத்து நிரைகளை விட்டுவிடுவார்.

லெட்சுமி என்னோடு படித்தவள். கொழுந்தில் கெட்டிக்காரி. அன்றைக்குச் சாயந்திரம் அவள் நிரையின் அடியில், சவுக்கு மரத்துக்குக் கீழே இருந்த தேயிலைச் செடிக்குள் குளவிக்கூட்டைப் பார்த்தாள். அதே நேரத்தில் கொழுந்து நிறுக்கக் கொம்பு ஊதிவிட்டார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தை அழுதுகொண்டிருக்கும். 'இன்னியோட இந்த மலை முடிஞ்சிருச்சு. இனி ஒரு வாரத்துக்கு யாரு வரப்போறா? காலையில சொல்லிக்கிட்டாப் போச்சு' என்று நினைத்துக்கொண்டு இறங்கி ஓடிவிட்டாள்.

ஆனால் அந்த மலை முடியவில்லை. மழை பிடித்ததால் கீழ்ப்பக்கத்தில் கொஞ்சம் மிச்சம் விழுந்துவிட்டது. மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டில் கங்காணி புது மலைக்குப் போகுமுன் அந்த மிச்சத்தை முடிக்க நாலைந்து பேரைப் பிரித்து அனுப்பினார். அதில் ஸ்டெல்லாவும் ஒருத்தி. லெட்சுமி அன்றைக்குப் பெரட்டுக்கு வரவில்லை. குழந்தைக்குத் தடுப்பூசி போடக் கொண்டுபோயிருந்தாள்.

மற்றவர்கள் கொட்டு வாங்கிக்கொண்டு தப்பித்தார்கள். ஸ்டெல்லா ஓடும்போது தண்ணீர் ஓடுகிற கானில் கால் இடறி விழுந்தாள். அவளை எழுப்பக் கிட்டே போக ஒருவராலும் முடியவில்லை. கொழுந்து லொறியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கொஞ்சம் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து தொடர்கிறேன்.

பெட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே லெட்சுமி ஓடிவந்து அக்காவின் காலில் விழுந்தாள்.

"அக்கா, அந்தக் கூட்ட நான் நேத்தே பாத்தேங்க்கா. சொல்லாம வந்துட்டேங்க்கா. பாவி நான் சொல்லாம வந்துட்டேன்."

அவளாகச் சொல்லியிருக்காவிட்டால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்த நேர்மை எவ்வளவு பெரியது என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அவளை நான்தான் இழுத்து வெளியே தள்ளினேன். அக்கா தன் காலை மட்டும் இழுத்துக்கொண்டாள்.

சாக்கு

லயத்துக் காம்பராக்களை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நடுச்சுவர் கூரைவரை போகாது. மேலே ஒரு சாண் இடைவெளி இருக்கும். பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் நமக்குத் தும்மல் வரும். சண்டை, சிரிப்பு, இருமல் எல்லாம் பொதுச்சொத்து.

காரியம் முடிந்த மறுநாள் அக்கா வாங்குப் பலகையில் ஏறி நின்று அந்த இடைவெளி முழுக்கப் பழைய உரச்சாக்குகளைத் திணித்தாள். லெட்சுமியின் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் அவளுக்குத் தாங்கவில்லை.

மலையில் லெட்சுமிக்குப் பக்கத்து நிரையை எடுக்க எந்தப் பெண்ணும் சம்மதிக்கவில்லை. கங்காணி அவளுக்கு ஓரத்து நிரையைக் கொடுத்துவிட்டார். தனியாகப் பறித்து, தனியாக நிறுத்து, தலையைக் குனிந்துகொண்டு இறங்கி வருவாள். இதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அக்காவுக்குச் சந்தோஷமும் இல்லை, அழுகையும் இல்லை. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். மகளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முன்னால் சொல்பவர்

எங்கள் லயத்தில் கத்தோலிக்க வீடுகள் மூன்றுதான். பொழுது சாய்ந்ததும் மூன்று வீட்டாரும் எங்கள் இஸ்தோப்பில் கூடி ஜெபமாலை சொல்வோம். மாலையில் பத்துப் பத்தாகக் கோர்த்த ஐந்து கூட்டம் மணிகள்; ஒவ்வொரு பத்து மணிக்கும் முதலில் ஒரு பரலோக மந்திரம், பிறகு மணிக்கு ஒன்றாக அருள் நிறைந்த மந்திரங்கள். ஒருவர் ஜெபத்தின் முதல் பாதியை முன்னால் சொல்வார். மற்றவர்கள் இரண்டாம் பாதியைப் பின்னால் சேர்ந்து சொல்வார்கள்.

முன்னால் சொல்வது சவரிமுத்து உபதேசியாரின் உரிமை. நல்ல மனிதர். ஆனால் ஜெபத்தை ரப்பர் மாதிரி இழுப்பார். அவர் ஆமென் சொல்வதற்குள் அடுப்பில் வைத்த சோறு குழைந்துவிடும்.

ஸ்டெல்லா போன பிறகு அக்கா அந்த உரிமையைப் பிடுங்கிக்கொண்டாள். "உபதேசியாரே, நான் சொல்றேன்" என்பாள். ஐந்து பத்து மணியையும் அவளே சொல்வாள். மகளைப் பறிகொடுத்தவளிடம் யார் மறுத்துப் பேசுவது? உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விட்டார். எப்போதும் பேசாத அக்காவின் குரல் சாயந்திரம் ஆனால் மட்டும் கணீரென்று லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கும்.

பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தேன். விஷயம் அதுவல்ல என்று பிறகுதான் தெரிந்தது.

மாதம் ஒருமுறை பூசை வைக்க ஃபாதர் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர். பூசை முடிந்ததும் எங்கள் வீட்டில் தேத்தண்ணி. ஸ்டெல்லா போன பிறகு முதல் முறை அவர் வந்திருந்தபோது நடந்ததை அக்கா எனக்கு வெகுநாள் கழித்துச் சொன்னாள். அவர் கோப்பையை வாயில் வைக்கப்போன நேரத்தில் கேட்டாளாம்:

"ஃபாதர், பொய் சொல்லி ஜெபம் பண்ணா அது ஜெபமா?"

"எந்த இடம் உங்களுக்குப் பொய்யாக் கிடக்கு அம்மா?"

எங்களுக்குக் கெடுதல் செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று பரலோக மந்திரத்தில் வருகிறதே, அந்த இடம் என்றாளாம். "நான் மன்னிக்கல ஃபாதர். மன்னிச்சேன்னு எப்புடி ஆண்டவர்கிட்ட வாய் கூசாம சொல்றது?"

ஃபாதர் கோப்பையைக் கீழே வைத்தாராம். பிறகு, "அப்ப அந்த இடத்தைச் சொல்லாதேங்கோ. சொல்லக்கூடியதைச் சொல்லுங்கோ. மிச்சத்துக்கு ஆண்டவர் பொறுத்திருப்பார். ஆனா ஜெபத்தை மட்டும் விட்டிடாதேங்கோ" என்றாராம்.

அந்த மன்னிக்கிற வரி ஜெபத்தின் இரண்டாம் பாதியில்தான் வருகிறது. முன்னால் சொல்பவருக்கு அது தேவையில்லை. அதனால்தான் அக்கா முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் பின்னால் அந்த வரியை இராகம்போட்டுச் சொல்லும்போது அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருப்பாள்.

நான் பிறந்ததிலிருந்து அந்த ஜெபத்தைச் சொல்கிறேன். வாய் பாட்டுக்குச் சொல்லும், மனசு பாட்டுக்கு நாளைக்கு என்ன கறி என்று யோசிக்கும். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் இருக்கிறது என்று பயந்த ஒருத்தி என் வீட்டிலேயே இருந்திருக்கிறாள். ஆண்டவரிடம் பொய் சொல்லமாட்டேன், அதே சமயம் அவரை விட்டும் போகமாட்டேன் என்று பாதி ஜெபத்தோடு ஒன்றரை வருஷம் உட்கார்ந்திருந்தாள். இதைவிடப் பெரிய விசுவாசம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் தோட்டத்து மைதானத்தில் கொட்டகை போட்டு, வெளியூரிலிருந்து வந்து மைக் பிடித்துப் பிரசங்கம் செய்வார்கள். "பாரத்தை இறக்கி வை, இந்த நிமிஷமே இறக்கி வை" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். கூட்டம் அழும். மறுநாள் காலையில் எல்லோரும் அதே முகத்தோடு பெரட்டுக்கு வருவார்கள். குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 'இந்த நிமிஷமே' என்கிற அவசரம் எனக்கு எப்போதும் எரிச்சல்தான்.

இருமல்

ஒவ்வொரு பத்து மணிக்கும் முன்னால் ஒரு கருத்துச் சொல்வது வழக்கம். யாருக்காக இந்த ஜெபம் என்று. அக்கா எப்போதும் ஸ்டெல்லாவின் ஆத்துமத்துக்காக என்பாள். மறுவருஷம் மாசிப் பனியில் ஒரு நாள், மூன்றாவது பத்து மணியில், சற்று நின்றாள்.

"பக்கத்து வீட்டுச் சின்னப் புள்ளைக்குக் காய்ச்சல். அதுக்காக."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எல்லோரும் போனதும் பிடித்துக்கொண்டேன்.

"ஒனக்குச் சூடு சொரணையே இல்லையாக்கா? அவ புள்ளைக்கு நம்ம வீட்டுல ஜெபமா?"

அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள். "ஸ்டெல்லாவ நெனச்சு அழலாம்னு உக்காந்தா லெட்சுமிதான் முன்னால வந்து நிக்கிறா. கண்ண மூடினாலும் அவதான், தொறந்தாலும் அவதான். எம் புள்ள மொகம் எனக்கு மறந்துகிட்டு வருதுடி. இவள எறக்கி வச்சாத்தான் அவ வருவா. ஆனா என்னால எறக்க முடியல. அதுனால ஆண்டவர்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்."

சண்டையை விட்டுவிட்டு நான் போய்ப் பாயை விரித்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அக்கா வாங்கில் ஏறி நின்று சாக்குகளை உருவிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"புள்ள இருமுறது சரியா கேக்கல" என்றாள்.

குழந்தைக்குக் குணமாகிவிட்டது. ஆனால் அக்கா லெட்சுமியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயந்திரம் ஜெபத்தில் முன்னால் உட்காருவதையும் விடவில்லை.

மாதா வருகிற வரிசை

ஒக்டோபர் மாதம் ஜெபமாலை மாதம். மாதா சுரூபம் தினம் ஒரு வீட்டுக்குப் போகும். இந்துக்களும் கேட்டால் அவர்கள் வீட்டுக்கும் போகும். எங்கள் பக்கத்தில் அதை ஒருவரும் அதிசயமாக நினைப்பதில்லை. அவர்கள் திருவிழாக் கஞ்சியை நாங்களும் குடிக்கிறவர்கள்தானே. முந்தின நாள் மாதாவை வைத்திருந்த வீட்டுக்காரி தன் கையால் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த வீட்டுக்காரியிடம் கொடுக்கவேண்டும். வரிசை மாறக்கூடாது.

அந்த வருஷம் லெட்சுமி உபதேசியாரிடம் போய், தன் வீட்டுக்கும் மாதா வரவேண்டும் என்று கேட்டாள். வரிசைப்படி அவளுக்கு முந்தின வீடு எங்கள் வீடு.

உபதேசியார் நெளிந்துகொண்டே வந்தார். "ஒரு நாள் மட்டும் நான் தூக்கிக்கிட்டுப் போயிர்றேன் பிலோமி. நீங்க அன்னைக்கு ஒடம்பு சரியில்லன்னு படுத்துக்கங்க. யாரும் தப்பா நெனைக்கமாட்டாங்க."

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. அவ்வளவுதான். அன்றைக்கும் சோறு அவள் தட்டில் அப்படியே இருந்தது.

வாசலில்

இப்படித்தான் அக்கா அந்த வாசலில் போய் நின்றாள்.

லெட்சுமி கூப்பிட வாயெடுத்தாள், சத்தம் வரவில்லை. மாதாவின் பாரத்தில் அக்காவின் கை மெல்லக் கீழே இறங்கியது. திரும்பிப் போய்விடுவோமா என்று நான் அக்காவின் காதில் சொல்லப்போனேன்.

"லெட்சுமி, கை வலிக்குதுடி. வாங்கிக்க" என்றாள் அக்கா.

லெட்சுமி கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து, பிறகு நீட்டினாள். மாதாவை ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி வாங்கினாள். அக்கா வாசற்படியைத் தாண்டி உள்ளே போனாள். அவள் பின்னால் நாங்கள் எல்லோரும் போய்ப் பாயில் உட்கார்ந்தோம்.

இந்து வீடுகளில் உபதேசியார்தான் முன்னால் சொல்வார். அவர் சிலுவை அடையாளம் போட்டு, ஆரம்ப ஜெபங்களை முடித்து, முதல் பத்து மணிக்குத் தொண்டையைச் செருமினார்.

"இருங்க உபதேசியாரே. வீட்டுக்காரி சொல்லட்டும்" என்றாள் அக்கா.

"அவங்களுக்கு ஜெபம் தெரியாதேம்மா."

லெட்சுமி தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "முன்னால சொல்றது தெரியுமுங்க. அக்கா சொல்லி அன்னாடம் கேக்குறேன்ல. பின்னால எல்லாரும் சேந்து சொல்றதுதான் சரியா வெளங்காது."

"பின்னால நான் சொல்றேன்" என்றாள் அக்கா.

லெட்சுமி ஆரம்பித்தாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அக்கா மூச்சு விடுகிற இடத்தில் அவளும் மூச்சு விட்டாள், அக்கா அழுத்துகிற இடத்தில் அவளும் அழுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி ஒன்றரை வருஷமாகத் தன்னந்தனியாக உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

முதல் பாதி முடிந்தது. பின்னால் சொல்லவேண்டியது நாங்கள் எல்லோரும். ஆனால் ஒருவரும் சொல்லவில்லை. பேசிவைத்துக்கொண்ட மாதிரி அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டோம். அக்கா மட்டும் சொன்னாள்.

அன்றாட உணவைக் கேட்டாள். அடுத்து அந்த வரி. அங்கே வந்ததும் நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. லெட்சுமி பாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அக்கா மாதாவைப் பார்க்காமல், லெட்சுமியைப் பார்த்து, அந்த வரியை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி முடித்தாள். ஆமென் சொல்லும்போது குரல் உடைந்தது. "ஸ்டெல்லா... எஞ் சாமி" என்று, மகள் போன அன்றைக்கு வராத அழுகையெல்லாம் அப்போது வந்தது.

லெட்சுமியும் அழுதாள். அழுதுகொண்டே அடுத்த மந்திரத்தின் முதல் பாதியை எடுத்துக் கொடுத்தாள்.